அரசாணியா, கீரையா, தக்காளியா: பழைய மருந்து விழுந்த மண்ணுக்கு எது?

பாலக்காடு மாவட்டத்துக் கொழிஞ்சாம்பாறைப் பக்கம் தாத்தா விட்டுப்போன நாற்பது சென்ட்டில் காய் போடலாம் என்று போன வருடம் அங்கிருந்த சாளையை, அதாவது தோட்டத்துக் குடிசையை, சுத்தம் செய்தோம். மூலையில் துருப்பிடித்த ஆல்ட்ரின் டின் இரண்டு கிடந்தன. கறையானுக்கு அந்தக் காலத்தில் பல தோட்டங்களில் போட்ட மருந்துதான். 1996இல் இந்தியாவில் தடை வந்துவிட்டது. ஆனால் மண்ணுக்குள் போன ஆல்ட்ரின் டீல்ட்ரினாக மாறி வருடக்கணக்கில் அப்படியே கிடக்கும். டின்னைப் பார்த்த பிறகு, எந்தக் காய் போடுவது என்பது விலைக் கணக்கு மட்டுமாக இல்லை.

விலைக்கு அரசாணிதான், அதாவது மஞ்சள் பூசணி. இங்கே மத்தன் என்பார்கள். ஓணம் நெருங்கினால் மத்தன் கேட்டு வண்டி வரும், பாடும் குறைவு. இருந்தும் அதை முதலில் தள்ளியது அதன் வேருக்காக.

டீல்ட்ரின், இன்னொரு பழைய பூச்சிமருந்தான டிடிடி எல்லாம் தண்ணீரில் அவ்வளவாகக் கரையாது, கொழுப்பில் கரையும். அதனால் மண்ணில் மட்கிக் கிடக்கும் இலைதழை மக்கோடும் வேரின் தோலோடும் ஒட்டிக்கொள்ளும். பெரும்பாலான செடிகளில் தண்டுக்கு ஏறுவது மிகக் குறைவு. கேரட்டிலும் பெரும்பங்கு தோலில்தான் நிற்கும், சீவினால் போய்விடும். அரசாணி இனம் அப்படியில்லை. அதன் சாற்றில் உள்ள ஒருவகைப் புரதம் நஞ்சைப் பிடித்துக்கொண்டு தண்ணீரோடு மேலே ஏற்றிவிடுகிறது. ஜப்பானில் டீல்ட்ரினை 1970களிலேயே நிறுத்திவிட்டார்கள். 2000க்குப் பிறகும் வெள்ளரிக்காயில் அது வரம்பைத் தாண்டி வந்தது. அங்கே வெள்ளரியை அரசாணி வேரில் ஒட்டுக்கட்டி வளர்ப்பார்கள். குறைவாக இழுக்கும் வேர்ச்செடியாகப் பார்த்து ஒட்டியபோது காயில் நஞ்சு குறைந்தது. அதே மண், அதே வெள்ளரி. வேர் மட்டும்தான் வேறு. எனக்கு இந்த ஒன்றே போதுமாக இருந்தது.

இன்னொன்றும் உண்டு. டிடிடி எச்சத்தை அளந்து பார்த்தவர்கள் அரசாணி இனத்தில் காயைவிடத் தண்டிலும் இலையிலும்தான் அதிகம் கண்டார்கள். இங்கே மத்தன் இலையில் தோரன் (தேங்காய் போட்ட பொரியல்) வைக்கிறோம், மிச்சக் கொடியை ஆட்டுக்குப் போடுகிறோம். ஆட்டுக்குள் போனது பால் கொழுப்பில் சேர்ந்து பிள்ளைகளின் டம்ளருக்கே திரும்பி வரும்.

கீரைக்கு ஆபத்து மேலேயிருந்து வருகிறது. இலையின் மெழுகுப் பூச்சு காற்றில் ஆவியாக வருவதை உறிஞ்சி வைத்துக்கொள்ளும். தூசியும் மழையில் தெறித்த சேறும் கழுவினால் போகும், மெழுகில் இறங்கியது போகாது. மேற்கு வேலிக்கு அப்பால் வாரம் ஒருமுறை பிளாஸ்டிக் குப்பையை எரிக்கிறார்கள். அந்தப் புகையில் டையாக்சின் என்ற நஞ்சு இருக்கும். எரிப்பது நின்றால், வைக்கோல் மூடாக்குப் போட்டுக் கீரை தாராளமாக விதைக்கலாம்.

சரி, தக்காளி. வேர் டீல்ட்ரினை அவ்வளவாக மேலே விடுவதில்லை, குச்சி கட்டினால் காய் மண்ணில் படாது, இலையை யாரும் தின்பதில்லை. கத்தரியும் வெண்டையும் கூட வைத்தோம். கூடவே தொழுவுரம் நிறையக் கொட்டினோம். மக்கு கூடினால் நஞ்சு மண்ணோடு இன்னும் கெட்டியாகப் பிடித்துக்கொள்ளும். என் அனுபவம் ஒரே ஒரு போகம்தான். மண்ணையும் இன்னும் சோதனைக்குக் கொடுக்கவில்லை, இந்த வருடம் கொடுக்க வேண்டும். கரித்தூள் கலந்தால் நஞ்சு ஏறுவது குறையும் என்கிறார்கள், நான் போட்டுப் பார்த்ததில்லை.

அரசாணியை அடியோடு விட மனசில்லை. கிணற்று மேடு தாத்தா காலத்திலிருந்து வெறும் மேய்ச்சல் தரைதான், எந்த மருந்தும் படாதது. அங்கே நாலு குழி எடுத்து விதை ஊன்றியிருக்கிறேன்.