வேறு நிறுவன கார்ட்ரிட்ஜ் போடுகிறீர்களா? பிரிண்டரின் ஆட்டோ அப்டேட்டை இன்றே நிறுத்துங்கள்

நேற்று வரை நன்றாக ஓடிய ஹெச்பி பிரிண்டர், இன்று 'ஹெச்பி அல்லாத சிப் இருப்பதால் கார்ட்ரிட்ஜ் தடுக்கப்பட்டது' என்று காட்டினால் அதைக் கழற்றித் துடைத்து மாட்டிப் பயனில்லை. மை தீரவில்லை, மை தெளிக்கும் ஹெட் அடைக்கவில்லை, கார்ட்ரிட்ஜ் விற்ற கடைக்காரர் மேலும் தப்பில்லை. உங்களைக் கேட்காமல் இறங்கிய ஃபர்ம்வேர்தான் (பிரிண்டருக்குள் இருந்து அதை இயக்கும் மென்பொருள்) காரணம்.

இந்தத் தடைக்கு ஹெச்பி வைத்த பெயர் டைனமிக் செக்யூரிட்டி. கார்ட்ரிட்ஜில் நகத்தளவு ஒரு சிப், அதன் மேல் பொன்னிறத்தில் சின்னச் சின்னத் தொடுபுள்ளிகள். பிரிண்டர் சோதிப்பது அந்தச் சிப்பைத்தான், மையை அல்ல. 2016 செப்டம்பர் 13 அன்று ஆபீஸ்ஜெட் பிரிண்டர்கள் பல, ஒரே நாளில் வேற்றுச் சிப்பை ஏற்க மறுத்தன. அதற்கான ஃபர்ம்வேர் பல மாதம் முன்பே உள்ளே வந்து உட்கார்ந்திருந்தது. கூச்சல் கிளம்பியதும் தடையில்லாத ஃபர்ம்வேர் கொடுத்தார்கள். ஆனால் வழக்கத்தை விடவில்லை. 2020 இல் இத்தாலியின் வணிகப் போட்டி ஆணையம் ஹெச்பிக்கு 1 கோடி யூரோ அபராதம் போட்டது. காசு கொடுத்து வாங்கிய பொருளில் இருந்த வசதியைப் பிறகு பிடுங்குவது அநியாயம்தான், வேறு பெயர் கிடையாது.

செய்ய வேண்டியது: பிரிண்டரின் ஐபி எண்ணை (நெட்வொர்க்கில் அதன் முகவரி) பிரவுசரில் அடியுங்கள். டூல்ஸ் பகுதியில் பிரிண்டர் அப்டேட்ஸ், அதற்குள் ஃபர்ம்வேர் அப்டேட்ஸ். அங்கே ஆட்டோமேட்டிக் என்பதை எடுத்துவிடுங்கள். மாடலுக்கு மாடல் பெயர் கொஞ்சம் மாறும். அப்படியே செட்டிங்ஸில் 'கார்ட்ரிட்ஜ் புரொடெக்‌ஷன்' இருந்தால் அதையும் அணையுங்கள், புது கார்ட்ரிட்ஜ் மாட்டுவதற்கு முன்பே. அது இயங்கும்போது மாட்டிய ஒரிஜினல் கார்ட்ரிட்ஜ் அந்த ஒரு பிரிண்டரோடு பூட்டப்பட்டுவிடும். பிறகு அணைத்தாலும் பூட்டு கழலாது, வேறு பிரிண்டரில் ஓடாது.

அப்டேட் ஏற்கெனவே இறங்கிவிட்டதா? பழைய ஃபர்ம்வேருக்குத் திரும்ப பெரும்பாலான மாடல்கள் விடுவதில்லை. ஆனால் ஒரிஜினல் சிப் உள்ள கார்ட்ரிட்ஜில் மை நிரப்பினால் தடை வராது. அதனால் தீர்ந்த ஒரிஜினலைத் தூக்கிப் போடாதீர்கள். மை அளவு காலி என்றே காட்டும், ஓகே கொடுத்து மேலே போகலாம். கம்பேட்டிபிள், அதாவது வேறு நிறுவனம் செய்த கார்ட்ரிட்ஜ், வாங்குவதானால் புது ஃபர்ம்வேருக்கு ஏற்ற சிப்பா என்று கேட்டு, மாற்றித் தரச் சம்மதித்தால் மட்டும் வாங்குங்கள்.

புதிதாக பிரிண்டர் வாங்குவோர் மாடல் எண்ணின் கடைசி எழுத்தைப் பாருங்கள். ஆங்கிலச் சின்ன 'e' இருந்தால் அது ஹெச்பி பிளஸ் திட்டத்துக்கு உரியது. செட்டப்பில் இலவச மை கிடைக்கும் என்று சொல்லிக் கேட்கும். ஒப்புக்கொண்டால் அந்த பிரிண்டர் இருக்கும் வரை ஒரிஜினல் மையும் இணைய இணைப்பும் கட்டாயம். பிறகு விலக வழியில்லை.