ரெண்டேகால் மணி ஓடிபி

ஓசூர்ப் பக்கத்துக் கம்பெனியில் காலை ஷிப்ட் இரண்டு மணிக்கு முடியும். பிள்ளைகள் வெளியே வந்து, கேட்டை ஒட்டிய லாக்கரைத் திறந்து, போனை எடுத்து ஆன் செய்வதற்குள் ரெண்டேகால் ஆகிவிடும். அதுவரை காவேரிப்பட்டணத்துக்குப் பக்கத்தில் இருக்கும் எங்கள் வீட்டில் ஆதார் சம்பந்தப்பட்ட ஒரு வேலையும் நகராது. அம்மாவின் ஆதாரில் பதிவாகி இருப்பது என் அண்ணன் மகளின் நம்பர். அம்மாவின் கேஸ் சிலிண்டர், அம்மாவின் பேங்க், அண்ணனின் பட்டா, அண்ணியின் ரேஷன் கார்டு எல்லாவற்றுக்கும் அந்த ஒரே நம்பர்தான். வேலை நேரத்தில் கம்பெனிக்குள் போன் கொண்டுபோகக் கூடாது. ஆதார் ஓடிபியின் ஆயுளோ பத்து நிமிடம். கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

சிங்கப்பூர் போய் பதினான்கு வருடம் ஆகிறது. ஊருக்கு வந்து நான்கு வருடம் இடைவெளி விழுந்துவிட்டது. ஜூனில் மூன்று வாரம் லீவு எடுத்து, மாம்பழம் சாப்பிடவும் அம்மாவைப் பார்க்கவும்தான் வந்தேன். வந்த மூன்று வாரத்தில் பாதி நாள் பேங்க், ஜெராக்ஸ் கடை, மறுபடி பேங்க் என்று ஓடியது.

பெங்களூர் விமான நிலையத்திலேயே ஆரம்பித்துவிட்டது. ஆப்பில் டாக்சி போட்டேன். டிரைவர் கூப்பிட்டார். "எங்க சார் டிராப்? கிருஷ்ணகிரியா? எவ்ளோ காட்டுது? கேன்சல் பண்ணிடுங்க, நேர்ல பேசிக்கலாம்." அவரைக் குறை சொல்ல மாட்டேன். எல்லை தாண்டினால் ஜூஜூவாடி செக்போஸ்ட், பர்மிட், திரும்பும்போது காலி வண்டி என்று அவருக்கு ஆயிரம் கணக்கு உண்டு. கேன்சல் செய்ததற்கு என்னிடம்தான் பணம் பிடித்தார்கள். சரி என்று பஸ்ஸில் ஏறிவிட்டேன். அத்திப்பள்ளி தாண்டியதும் தமிழ் போர்டுகள். மனசு ஆறிவிட்டது.

அம்மாவின் பேங்க் கணக்கு நின்றுபோயிருந்தது. கேஒய்சி புதுப்பிக்கவில்லையாம். சாதாரணக் கணக்குக்குப் பத்து வருடத்துக்கு ஒருமுறை அடையாளச் சான்றுகளைப் புதுப்பிக்க வேண்டும் என்பது ரிசர்வ் வங்கி விதி, அதில் தப்பில்லை. நான் அனுப்பும் பணம் அந்தக் கணக்கில்தான் விழுகிறது. விழுந்தது, எடுக்க முடியவில்லை. அம்மாவைக் கூட்டிக்கொண்டு போனேன். இயந்திரத்தில் விரல் வைக்கச் சொன்னார்கள். பத்து விரலும் வைத்தாயிற்று, ஒன்றும் விழவில்லை. எங்கள் பக்கம் புளி உடைத்துக் கொட்டை எடுத்த கைகளைப் பார்த்தவர்களுக்கு இதில் ஆச்சரியம் இருக்காது. அம்மா ஐம்பது வருடம் அந்த வேலை செய்தவர்.

"ரேகை விழலைம்மா, ஓடிபி போட்டுடலாம்" என்றார் கவுன்டரில் இருந்த தம்பி. நல்ல பையன்தான். மணி பதினொன்றரை. நம்பர் லாக்கரில்.

"ரெண்டேகாலுக்கு வரோம்" என்று அம்மா சாதாரணமாகச் சொல்லிவிட்டு எழுந்தார். அந்தத் தம்பியும் சாதாரணமாகத் தலையாட்டினார். எனக்குத்தான் விசித்திரமாக இருந்தது. அக்கம்பக்கத்துக் கிராமங்களில் இருந்து எத்தனையோ பிள்ளைகள் விடியுமுன் கம்பெனி பஸ் ஏறுகிறார்கள். டைட்டன், டிவிஎஸ், அசோக் லேலண்ட் எல்லாம் ஓசூருக்கு வந்து பல வருடம். இப்போது ஐபோன் பாகங்கள் செய்யும் டாடா எலெக்ட்ரானிக்ஸும், போச்சம்பள்ளி பக்கம் ஓலாவின் மின் ஸ்கூட்டர் ஆலையும் சேர்ந்துவிட்டன. பஸ் ஏறும் பிள்ளைகளிடம்தான் வீட்டுக்கு ஒரு ஸ்மார்ட்போன் இருக்கிறது. ஆக ஊரே ஷிப்ட் நேரத்தை மனப்பாடமாக வைத்திருக்கிறது.

இரண்டு இருபதுக்கு ஓடிபி போட்டார்கள். அண்ணன் மகள் எடுக்கவில்லை. நாலு மணிக்கு எழுந்து போன பிள்ளை, பஸ்ஸில் உட்கார்ந்ததும் தூங்கிவிட்டாள். மூன்றாவது முயற்சியில் சூளகிரி தாண்டி எழுந்து, அரைத் தூக்கத்தில் ஆறு எண்ணையும் வாசித்தாள். "நாலு, எட்டு, எட்டு... இல்ல இல்ல, சித்தப்பா, ஒரு எட்டுதான்." அவ்வளவுதான், கணக்கு திறந்துவிட்டது. அம்மா ஏதோ பிரசவம் முடிந்த மாதிரி பெருமூச்சு விட்டார்.

அடுத்தது என் கதை. என் பழைய இந்திய நம்பர் செத்துப்போயிருந்தது. 90 நாள் எந்தப் பயன்பாடும் இல்லாவிட்டால் நம்பரை முடக்கலாம். ப்ரீபெய்ட் இருப்பில் 20 ரூபாய் இருந்தால் அதை எடுத்துக்கொண்டு 30 நாள் நீட்டித்துத் தர வேண்டும். விதி அப்படி. என் இருப்பில் இருந்தது பதினொரு ரூபாய். ஒன்பது ரூபாயில் போன நம்பரில்தான் என் பேங்க், என் ஆதார், வருமான வரி எல்லாம் இருந்தன.

அண்ணன் போனிலிருந்து அந்த நம்பரைக் கூப்பிட்டேன். யாரோ எடுத்தார். ராமநாதபுரம் பக்கம் மீன் வண்டி ஓட்டுகிறாராம். நான் யாரென்று சொன்னதும் பல நாள் பழகியவர் போலச் சிரித்தார்.

"நீங்கதானா சார் அது! உங்க பேங்க்ல இருந்து மெசேஜ் வந்துட்டே இருக்கு. வாட்ஸாப்புல உங்க சித்தி ஒருத்தவங்க தினம் குட்மார்னிங் அனுப்புறாங்க. நான் அவங்க இல்லீங்கன்னு சொல்லியும் பாத்தேன். பரவால்ல தம்பி, உனக்கும் குட்மார்னிங்னு போடுறாங்க."

வேறு ஆளாக இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று அன்று ராத்திரி யோசித்துப் பார்த்தேன். தூக்கம் வரவில்லை. என் பணத்துக்கும் ஒரு முன்பின் தெரியாத மனிதருக்கும் நடுவில் இருந்த ஒரே காவல் அவருடைய நல்ல குணம்தான்.

மறுநாள் என் பேங்க் கிளைக்குப் போனேன். நம்பர் மாற்ற வேண்டும் என்றேன். ஆப்பில் செய்யலாம் சார் என்றார்கள். ஆப்பைத் திறந்தால் பழைய நம்பருக்கு ஓடிபி அனுப்பியிருப்பதாகச் சொல்கிறது. வாடிக்கையாளர் சேவைக்குக் கூப்பிட்டால், ஒன்றை அழுத்து இரண்டை அழுத்து என்று ஒரு பெண் குரல் பத்து நிமிடம் சுற்ற விட்டு, கடைசியில் "உங்கள் கிளையை அணுகவும்" என்றது. கிளைக்குள் நின்றுகொண்டுதான் அதைக் கேட்டேன். சிங்கப்பூர் உட்பட பத்து நாட்டு நம்பர்களில் வெளிநாடுவாழ் இந்தியர் யுபிஐ பயன்படுத்தலாம் என்று 2023 ஜனவரியிலேயே அறிவித்தார்கள். என் பேங்க் ஆப்பில் அதற்கான பொத்தானைக் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுத் தேடியும் கிடைக்கவில்லை.

அண்ணிதான் சொன்னார். "பஸ் ஸ்டாண்டு பக்கம் ஜெராக்ஸ் கடைக்குப் போங்க. அந்தப் பொண்ணு பண்ணிக் குடுத்துடும்."

பத்துக்குப் பத்து கடை. ஒரு ஜெராக்ஸ் மெஷின், லேமினேஷன் மெஷின், ரேகைக் கருவி, கண்ணாடியில் ஒட்டிய பாஸ்போர்ட் சைஸ் போட்டோக்கள். முப்பது வயதுக்குள் ஒரு பெண். எனக்கு முன்னால் ஏழெட்டுப் பேர். ஒரு பெரியவருக்கு கேஸ் புக்கிங், ஒரு பையனுக்கு கல்லூரி விண்ணப்பம், ஒரு அம்மாவுக்கு யாரோ அனுப்பிய லிங்க் நிஜமா மோசடியா என்ற சந்தேகம். "தொடாதீங்கம்மா, அழிச்சிடுங்க" என்று வாங்கி அழித்தே கொடுத்துவிட்டார். அதற்குக் காசு இல்லை.

கல்லாவுக்குக் கீழே இருந்து ஒரு நீளமான நோட்டை எடுத்தார். ஊர்க்காரர்களின் பாஸ்வேர்டு எல்லாம் அதில்தான். பெயர், அப்பா பெயர், எந்த ஆப், என்ன பாஸ்வேர்டு. எனக்கு வயிற்றைக் கலக்கியது. சிங்கப்பூரில் இதைச் சொன்னால் கைது செய்யச் சொல்வார்கள். "எழுதி வைக்கலைன்னா ஒவ்வொரு தடவையும் மாத்தணும், மாத்த ஓடிபி வேணும், ஓடிபி வர்ற நம்பர் இருக்காது. என்ன பண்றது, அண்ணா?" என்றார். என்னிடம் பதில் இல்லை.

என் விஷயத்தை ஒரு நிமிடம் கேட்டார். முதலில் புது சிம், அதை ரேகை வைத்து வாங்கிவிடலாம். அடுத்து ஆதார் மையத்தில் நம்பர் மாற்றம். பிறகு பேங்கில் இன்ன படிவம், அதோடு பாஸ்போர்ட் நகல், விசா நகல், "மேனேஜர் மதியம் சாப்பாட்டுக்கு முன்னாடிதான் கையெழுத்துப் போடுவாரு". அந்த பேங்கின் இணையதளத்தில், ஆப்பில், கிளையில், அந்தப் பெண் குரலிடம் எங்கேயும் கிடைக்காத வரிசை அது. அப்படியே செய்தேன், ஒன்பது நாளில் முடிந்தது. படிவத்துக்கும் நகலுக்கும் இருபது ரூபாய் வாங்கினார். வழி சொன்னதற்கு ஒன்றும் வாங்கவில்லை.

பெரிய கம்பெனிகள் கவுன்டரை மூடி ஆப்பைத் திறந்ததில் எவ்வளவோ மிச்சம் பிடித்திருக்கும். ஆனால் கவுன்டர் ஒழியவில்லை, ஜெராக்ஸ் கடைக்கு இடம் மாறியிருக்கிறது. சம்பளம் மட்டும் கம்பெனி தருவதில்லை. சிங்கப்பூரும் எல்லாவற்றையும் போனுக்குள் திணித்த ஊர்தான். அங்கே சிங்பாஸ் என்ற அரசு டிஜிட்டல் அடையாளம் இல்லாமல் எந்த அரசு வேலையும் லேசில் ஆகாது. அங்கும் வயசானவர்கள் திணறினார்கள். 2020-இல் அரசாங்கமே டிஜிட்டல் தூதர்கள் என்று ஆட்களை வேலைக்கு வைத்து, சமூக மன்றங்களிலும் உணவங்காடிகளிலும் உட்கார வைத்தது. அவர்கள் செய்யும் அதே வேலையைத்தான் இந்தப் பெண் லேமினேஷனுக்கு நடுவில் செய்கிறார்.

நல்லதையும் சொல்ல வேண்டும். பட்டா, சிட்டாவை வீட்டிலிருந்தே எடுத்துவிட்டோம். அப்பா காலத்தில் அதற்கு எத்தனை நாள் நடந்தார் என்று எனக்குத் தெரியும். கரண்ட் பில் அரை நிமிடம். சுங்கச்சாவடியில் ஃபாஸ்டேக் வந்தபின் சில்லறைச் சண்டை இல்லை. டீக்கடையில் காசு விழுந்ததைத் தமிழில் சொல்லும் அந்தச் சின்னப் பெட்டி எனக்கு ரொம்பப் பிடித்தது. கடைக்கார அம்மாவுக்குப் படிக்கத் தெரியாது. முன்பெல்லாம் மகனைக் கூப்பிட்டு போனைக் காட்டிக் கேட்பார். இப்போது பெட்டி சொல்வதைக் கேட்டுக்கொண்டே டீ ஆற்றுகிறார். பெட்டிக்கு மாச வாடகை உண்டு.

அந்தக் கடையில்தான் மாமாவோடு பேச்சு வந்தது. மாமாவுக்கு மூன்று ஏக்கர் மாந்தோப்பு, பெரும்பாலும் பெங்களூரா. தோத்தாபுரி, கிளிமூக்கு என்றெல்லாம் சொல்லும் அதே காய்தான். கூழ் ஆலைகளுக்குப் போகும். மாஸா, ஸ்லைஸ், ஃப்ரூட்டி பாட்டில்களில் நாம் குடிப்பது பெரும்பாலும் அந்த ரகத்தின் கூழ். மாமா எந்த பாட்டிலையும் தொட மாட்டார்.

"இந்தப் போன்ல பணம் அனுப்பறதுக்கு யாரும் கமிஷன் கேக்கறதில்லையே மாப்ள, அவனுக்கு என்ன லாபம்?"

தெரிந்ததைச் சொன்னேன். யுபிஐ 2016-இல் வந்தது, நடத்துவது என்பிசிஐ என்ற தேசியப் பணப்பரிவர்த்தனைக் கழகம். சாதாரண யுபிஐ பணத்துக்குக் கடைக்காரரிடம் கமிஷன் வாங்கக் கூடாது என்று 2020 ஜனவரியிலிருந்து விதி. போன்பே வால்மார்ட் கையில் இருக்கிறது, இன்னொன்று கூகுள். யுபிஐ பரிமாற்றங்களில் ஏறக்குறைய எண்பது சதவீதம் இந்த இரண்டு ஆப் வழியாகவே போகிறது. எந்த ஆப்பும் 30 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்று 2020-லேயே சொன்னார்கள், கெடுவைத் தள்ளித் தள்ளி 2026 கடைசிக்குக் கொண்டுபோய்விட்டார்கள்.

மாமா டீயைக் கீழே வைத்தார். "பூ பூக்கறப்பவே வந்து அட்வான்ஸ் குடுப்பான் பாரு வியாபாரி, அவன்தான் ரொம்பத் தங்கமானவன். பொண்ணு கல்யாணத்துக்குக் கேட்டாலும் குடுப்பான். காய் எறங்கறப்பதான் தெரியும், வெலைய யாரு சொல்றதுன்னு. பறிச்ச காய வெச்சிக்கிட்டு நாம எங்க போறது?"

ஜியோ 2016 செப்டம்பரில் மாதக்கணக்கில் இலவசமாகக் கொடுத்தது நினைவுக்கு வந்தது. 2024 ஜூலையில் பெரிய கம்பெனிகள் எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக ரீசார்ஜ் விலையை ஏற்றியதும் நினைவுக்கு வந்தது. டாக்சி ஆப்பும் ஆரம்பத்தில் ஆட்டோவை விட மலிவாகத்தான் வந்தது. மாமா எந்தப் பொருளாதாரமும் படித்ததில்லை. கடைக்கார அம்மா மட்டும் ஒத்துக்கொள்ளவில்லை. "உனக்கென்ன மாமா, நாலு பேரு காசு குடுக்காம போனது இப்பதான் நின்னுருக்கு. இந்தப் பொட்டி கம்முனு இருந்தா எவனும் தரலைன்னு தெரிஞ்சிடுது" என்றார். அதுவும் சரிதான். கிளம்பும்போது மாமா நோட்டாகக் கொடுத்தார். சில்லறை இல்லை என்று அவர் கையில் ரெண்டு கடலை மிட்டாய் வந்தது.

கடைசி வாரம் அம்மாவுக்குத் தனி நம்பர் வாங்கித் தரலாமா என்று கேட்டேன். "நான் அத வெச்சிக்கிட்டு என்ன பண்ண, கண்ணு? கண்ணும் தெரியல. புள்ள ரெண்டேகாலுக்கு எடுப்பா, போதும்" என்றுவிட்டார். நானும் விட்டுவிட்டேன். அவளுக்குக் கல்யாணம் ஆகி வேறு ஊர் போனால் என்ன செய்வது என்று அண்ணி மட்டும் கொஞ்சம் கவலைப்பட்டார்.

செந்தூராவும் மல்கோவாவும் ஒரு பெட்டி கட்டிக்கொண்டு விமான நிலையத்தில் உட்கார்ந்திருந்தேன். வாட்ஸாப்பில் என் பழைய நம்பரிலிருந்து ஒரு செய்தி. முகப்பில் முருகன் படம். என்னவோ ஏதோ என்று திறந்தேன். பேங்கில் மாற்றிவிட்டேன், ஆனால் எப்போதோ எடுத்து மறந்தே போன ஒரு இன்ஷூரன்ஸில் பழைய நம்பர் இன்னும் உயிரோடு இருந்திருக்கிறது.

"சார், உங்களுக்கு இன்னைக்குப் பொறந்தநாளாம். கம்பெனில இருந்து வாழ்த்து வந்துருக்கு. அனுப்பிட்டேன். என் சார்பாவும் வாழ்த்துகள்."