எக்ஸிமா அரிப்புக்கு ஓட்ஸ் குளியல் பொடி

எக்ஸிமா என்னும் தோல் அழற்சியால் முழங்கை மடிப்பில் தடித்துச் செதிலாக உதிரும் தோலுக்காக வாங்கிய இந்த ஓட்ஸ் குளியல் பொடி, மிக நைசாக அரைக்கப்பட்டிருப்பதால், வெதுவெதுப்பான நீரில் கட்டி தட்டாமல் பால்போலக் கலந்துவிடுகிறது. ஓட்ஸில் உள்ள அவெனாந்த்ரமைடுகள் என்னும் இயற்கைச் சேர்மங்கள் அழற்சியைத் தணிப்பவை. இத்தகைய நுண்பொடியை அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 2003ஆம் ஆண்டிலேயே தோல் பாதுகாப்புப் பொருளாக ஏற்றுக்கொண்டது. 10 நிமிடம் ஊறியெழுந்து, துண்டால் தேய்க்காமல் ஒற்றியெடுத்து, ஈரம் காய்வதற்குள் பெட்ரோலியம் ஜெல்லி பூசினால் அன்றிரவு சொறியாமல் உறங்க முடிகிறது. பூசாவிட்டால் பலன் சற்று நேரமே. தொட்டி வழுக்கும் என்பதால் எழும்போது கவனம் தேவை. எவருக்கும் ஒத்துக்கொள்ளும் என்று உறையில் அச்சிட்டிருப்பதை மட்டும் ஏற்க இயலவில்லை: ஓட்ஸ் ஒவ்வாமை உள்ளவர்களுக்கு இது ஆகாது, நீர் கசிந்து மஞ்சள் பொருக்குக் கட்டிய தோலை மருத்துவரிடம்தான் காட்ட வேண்டும்.