ஜெர்மனியில் தனி வீடா, பகிர்வு வீட்டில் ஓர் அறையா?

தனி வீட்டு விளம்பரத்தில் ‘கால்ட்மீட்டெ’ என்றிருந்தால் அது வெறும் வாடகை. வெப்பம், தண்ணீர், குப்பை சேர்ந்தால்தான் ‘வார்ம்மீட்டெ’. மின்சாரமும் இணையமும் பெரும்பாலும் அதற்கும் வெளியே. முன்பணம் மூன்று மாதக் கால்ட்மீட்டெ வரை கேட்கலாம், மூன்று தவணையாகக் கட்டச் சட்டம் இடம் தருகிறது. பல வீடுகளில் அடுப்பு, சிங்க், அலமாரி எதுவுமே இருக்காது. கூரையில் விளக்குக்குப் பதில் ஒயர் தொங்கும். குடியேறும் மாதத்திலேயே கையிருப்பைக் கரைப்பது இதுதான்.

‘வேகே’ எனும் பகிர்வு வீட்டில் சமையலறை தயாராக இருக்கும். 2021 ஆகஸ்டில் 18.36 யூரோவான மாத ஒளிபரப்புக் கட்டணமும் (பொது வானொலி, தொலைக்காட்சிக்காகக் கட்டுவது) ஆளுக்கல்ல, வீட்டுக்கு. மூவர் பகிர்ந்தால் தலைக்கு 6.12. முதல் வருடத்துக்கு இதுவே நல்லது. ஆனால் முகவரிப் பதிவுக்கு வீடு தருபவரின் சான்று கிடைக்குமா என்று பணம் கட்டும் முன்பே கேளுங்கள். குடியேறிய இரண்டு வாரத்துக்குள் அது தேவைப்படும்.