மலேரியா மருந்து கேக்குதா இல்லையா: கல்ச்சரா, பிசிஆரா, மூணாம் நாள் ஸ்லைடா?

எங்க வேலூர் பக்கம் உள்ளூர்லயே பிடிக்கிற மலேரியா கம்மிதான், ஆனா சுத்துவட்டாரத்துல மிலிட்டரிக்கு ஆள் அனுப்புற ஊருங்க நிறைய, அதுபோக வைத்தியத்துக்குன்னு அஸ்ஸாம், ஜார்க்கண்ட், வங்காளத்துலேர்ந்து காட்பாடில வந்து இறங்குறவங்களும் ஏராளம், அதனால ஃபால்சிபாரம் (மலேரியா கிருமிகள்லயே ஆபத்தான வகை) எப்ப வேணா நம்ம மைக்ராஸ்கோப்புக்கு கீழ வரும். அது மருந்துக்கு அடங்குதான்னு பாக்க மூணு வழி இருக்கு, லேப்ல வேலை பாக்குறவனா எனக்குப் பட்டதை சொல்றேன்.

கல்ச்சர், அதாவது கிருமியை லேப்ல வளத்துப் பாக்கறதுதான் பெரிய வேலை. 1976ல ட்ரேகரும் ஜென்சனும் இந்தக் கிருமியை மனுஷ ரத்த செல்லுல விடாம வளக்கற வழியைக் கண்டுபிடிச்சாங்க. குழி குழியா இருக்கிற பிளேட்டுல மருந்தை அளவு ஏத்தி ஏத்தி ஊத்தி, எந்த அளவுல வளர்ச்சி பாதியா குறையுதுன்னு பாப்பாங்க. எந்த ஜீன் மாறியிருக்குன்னு தெரியலேன்னாலும் கிருமி சாகுதா இல்லையான்னு நேரா தெரிஞ்சிடும், அது பெரிய பலம். ஆனா இப்ப மலேரியாவுக்கு முக்கிய மருந்தான ஆர்டிமிசினினுக்கு இந்த சாதாரண டெஸ்ட் கைகொடுக்காது, ஏன்னா எதிர்ப்பு உள்ள கிருமி மோதிர வடிவத்துல இருக்கிற இளசுலதான் தாங்குது, 3 நாளும் மருந்துலயே ஊறப்போட்டா அதுவும் அடங்கிப் போயிடும், வித்தியாசமே தெரியாது. அதுக்குன்னே ரிங் சர்வைவல் டெஸ்ட்: 3 மணி நேரத்துக்குள்ள உள்ள பிஞ்சு ரிங்குகளை 700 நானோமோலார் டைஹைட்ரோஆர்டிமிசினின்ல (ஆர்டிமிசினின் வகை மருந்து) 6 மணி நேரம் வச்சு, கழுவிட்டு, 72வது மணி நேரத்துல எண்ணணும், 1 சதவீதமோ அதுக்கு மேலயோ பிழைச்சிருந்தா எதிர்ப்புன்னு அர்த்தம். ரத்தம் புதுசா வேணும், பழகின கையும் வேணும். வைவாக்ஸ்ங்கிற இன்னொரு வகை மலேரியா கிருமிக்கோ தொடர் கல்ச்சரே கிடையாது.

பிசிஆர், அதாவது கிருமியோட ஜீனைப் பெருக்கிப் பாக்கற டெஸ்ட், சுலபம். விரல்ல குத்தி ஃபில்டர் பேப்பர்ல ஒரு சொட்டு, காயவச்சு கவர்ல போட்டா தபால்லயே அனுப்பலாம். எந்த மருந்துக்கு எந்த ஜீன்ல மாற்றம் தேடணும்னா, குளோரோகுயினுக்கு சிஆர்டி ஜீன்ல 76வது இடம், ஆர்டிமிசினினுக்கு கே13, எஸ்பிக்கு (சல்ஃபடாக்சின்-பைரிமெத்தமின் மாத்திரை) டிஎச்எஃப்ஆரும் டிஎச்பிஎஸ்ஸும். ஆனா நாம தேடுற மாற்றம்தான் கிடைக்கும், புதுசா ஒண்ணு முளைச்சிருந்தா கண்ணுல படாது.

மூணாவது ஸ்லைடு, மாத்திரை போட்டும் ரத்தத்துல கிருமி மிச்சம் இருக்கான்னு மைக்ராஸ்கோப்புல பாக்கறது. எங்க தெரு அண்ணன் ஒருத்தர் திரிபுராலேர்ந்து லீவுல வந்தவர், ஃபால்சிபாரம், மாத்திரை முடிச்சிட்டு மூணாம் நாள் ஒரு லேபுக்குப் போனா "மாத்திரைதான் போட்டாச்சே, திரும்ப ரத்தம் எதுக்கு"ன்னு அனுப்பிட்டாங்களாம், எனக்கு வயிறு எரிஞ்சுது. நானே ஸ்லைடுல கிம்சா சாயம் போட்டுப் பாத்தேன். ரிங் ஒண்ணுகூட இல்ல, வாழைப்பழம் மாதிரி வளைஞ்ச கேமிடோசைட் (கொசுவுக்குப் போய்ச் சேருற கட்டம்) மட்டும் ரெண்டு மூணு. அதைப் பாத்து மருந்து கேக்கலன்னு சொல்லிடக் கூடாது, ரிங் அழிஞ்ச அப்புறமும் அது சில வாரம் ரத்தத்துல சுத்தும்.

என்னைக் கேட்டா நம்ம ஊருக்கு ஸ்லைடுதான் முதல்ல. மாத்திரை ஆரம்பிச்சதுலேர்ந்து மூணாம் நாள் ஒண்ணு, அப்புறம் 28 நாள் வரைக்கும் வாராவாரம், ஆர்டிமிசினின் வகையோட லூமிஃபேன்ட்ரின்ங்கிற மருந்து கலந்த மாத்திரைன்னா 28 போதும், இன்னும் நீளமா உடம்புல தங்குற மருந்துன்னா 42. மலேரியா அதிகமான ஊர்ல திரும்ப வந்தா பழைய கிருமியா புதுக் கொசுக்கடியான்னு ஜீன் பாத்துதான் பிரிக்கணும், இங்க புதுசா கடிபடற வாய்ப்பு கம்மிங்கறதால திரும்ப வந்தாலே பழசுதான்னு சந்தேகம் பலமா விழும். அப்ப ஒப்பிட்டுப் பாக்க முதல் மாத்திரைக்கு முன்னாடி எடுத்த ஃபில்டர் பேப்பர் சொட்டு கையில இருக்கணும், அதை மட்டும் மறந்துடாதீங்க, அப்புறமா எடுக்கவே முடியாது.