ஒரே பூட்டு, இரண்டு தொனி

2020 மார்ச் தொடக்கத்தில் நியூயார்க் டைம்ஸ் நாளிதழ் ட்விட்டரில் இரண்டு செய்திகளை வெளியிட்டது. இடைவெளி அரை மணி நேரம்கூட இல்லை. முதலாவது சீனாவைப் பற்றியது: கொரோனா ஊரடங்குக்கு விலையாக மக்களின் பிழைப்பும் தனிமனித சுதந்திரமும் பெரிதும் அடிபட்டன என்றது. மற்றது இத்தாலி: மிலான், வெனிஸ் உள்ளிட்ட வடபகுதியை மூடி, தொற்றைத் தடுக்கத் தன் பொருளாதாரத்தையே பணயம் வைக்கிறது என்றது. அங்கே அடக்குமுறை, இங்கே தியாகம் என்றுதான் காதில் விழுகிறது. சீன வாசகர்கள் கொதித்ததில் வியப்பில்லை.

ஆனால் இரண்டு ஊரடங்கும் ஒன்றல்ல. ஜனவரி 23 அன்று சீனாவின் வூஹான் நகரம் மூடப்பட்டபோது சுமார் 1.1 கோடிப் பேர் உள்ளே அடைபட்டார்கள். தொற்றைப் பற்றி முன்கூட்டியே எச்சரித்த மருத்துவர் லீ வென்லியாங்கை அதற்கு முன்பே காவல்துறை கண்டித்திருந்தது. இத்தாலியிலோ வேலை, மருத்துவக் காரணங்களுக்காகப் பயணிக்க வழி இருந்தது. ஆகவே சீனாவைக் கடுமையாக எழுதியதில் எனக்குக் குறையில்லை. ஆனால் இத்தாலியரும் வீட்டுக்குள் அடைபட்டார்களே, அவர்களின் சுதந்திரம் அந்த வரியில் எங்கே போயிற்று? எனக்கு உறுத்துவது அதுதான்.

அதே மார்ச் மாதம் அந்த நாளிதழின் அமெரிக்கச் செய்தியாளர்களைச் சீனா வெளியேற்றியது. தன் மண்ணில் இயங்கிய சீன அரசு ஊடகங்களின் ஊழியர் எண்ணிக்கையை அமெரிக்கா குறைத்ததற்குப் பதிலடியாம்.