மீண்டும் படிப்பதா, மூடிவைத்துச் சொல்லிப் பார்ப்பதா?

பாடத்தைத் திரும்பத் திரும்பப் படிப்பதா, ஒருமுறை படித்தபின் புத்தகத்தை மூடிவிட்டு நினைவிலிருந்து சொல்லிப் பார்ப்பதா என்று தேர்வுக்குப் படிப்பவர்கள் பலரும் குழம்புகிறார்கள்.

உழைப்பு: மீண்டும் படிப்பது எளிது, கண் வரிகளின் மேல் வழுக்கிச் செல்லும். சொல்லிப் பார்ப்பது சிரமம். இரண்டாம் வரியிலேயே தடுமாறி மோட்டுவளையைப் பார்க்க நேரும்.

தன்னம்பிக்கை: மீண்டும் படித்த பக்கம் பழகிய முகம்போலத் தோன்றுவதால், எல்லாம் தெரியும் என்ற மயக்கம் வரும். முகத்தை அடையாளம் காண்பது வேறு, பெயரை நினைவுக்குக் கொண்டுவருவது வேறு. தேர்வுத்தாள் பெரும்பாலும் பெயரைத்தான் கேட்கிறது.

நிலைப்பு: என் பார்வையில் முடிவைத் தீர்மானிப்பது இதுவே. உளவியலாளர்கள் ரோடிகரும் கார்ப்பிக்கியும் 2006-இல் வெளியிட்ட ஆய்வில், ஐந்து நிமிடம் கழித்துச் சோதித்தபோது மீண்டும் படித்தவர்கள் பாடத்தில் சுமார் 81 விழுக்காட்டையும், நினைவிலிருந்து எழுதிப் பார்த்தவர்கள் 75 விழுக்காட்டையும் நினைவுகூர்ந்தனர். ஒரு வாரம் கழித்துச் சோதித்தபோது அது 42, 56 எனத் தலைகீழானது. தேடி எடுக்கும் செயலே நெடுங்கால நினைவின் தடத்தை வலுப்படுத்துகிறது.

சற்று நேரத்தில் ஒப்பித்துவிட்டு மறந்துவிடலாம் என்றால் மீள்வாசிப்பு போதும். மாதக்கணக்கில் நிற்க வேண்டுமானால் சொல்லிப் பார்ப்பதே ஏற்றது. ஆனால் சொன்னதைப் புத்தகத்தோடு ஒப்பிடாவிட்டால் பிழையும் சேர்ந்து பதிந்துவிடக்கூடும். மிதிவண்டி ஓட்டுவது போன்ற செயல்முறை நினைவுக்கோ இவ்விரண்டும் போதாது. அங்கே கைகால்தான் பழக வேண்டும்.